பழசு வாங்கினா இப்பிடித்தானா?

"பழசு வாங்கினா இப்பிடித்தான்."

போன மார்கழியில் ஹேர்ணிங்கில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இந்த வசனத்தை நாலு பேர் வாயிலிருந்து கேட்டேன். நாலு பேரும் பெரியவர்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டவன் என் அக்காவின் மகன், வயது 15. அவன் செய்த குற்றம் இதுதான்: சேர்த்து வைத்த 400 குரோனரைக் கொடுத்து மீன்தொட்டிக்கு இரண்டு பழைய எல்.ஈ.டி. விளக்குகள் வாங்கியிருந்தான். ஒரே நிறுவனம், ஒரே மொடல், ஒரே நீளம். ஒன்றைத் தொட்டியின் பின்பக்கமும் மற்றதை முன்பக்கமும் பொருத்தினான். பின்பக்கம் நல்ல வெள்ளை. முன்பக்கமோ கலியாண மண்டப மேடைக்கு அடிக்கிற ரோஸ் லைட் மாதிரி. வந்த ஆட்கள் எல்லாம் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே தொட்டிக்கு முன்னால் நின்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அக்கா கடைசியாகச் சொன்னாள்: "அதைத் தூக்கி எறியடா, நான் புதுசு வாங்கித் தாறன்." அந்த நேரம் கடையில் புதிய சோடியின் விலை 1,500 குரோனருக்கு மேல்.

தம்பிமார், தங்கச்சிமார், இந்தப் பதிவு அந்த வசனத்தோடு ஒரு சண்டை. பெரியவர்களோடு இல்லை. அவர்கள் 80களில் இந்த நாட்டுக்கு வந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதி முகாமில் இருந்து, பிறகு யூலாந்தின் சின்னச் சின்ன நகரங்களில் குடியேறியவர்கள். எங்கள் வீட்டு முதல் சோபா, முதல் மேசை, நான் படுத்த கட்டில், எல்லாமே யாரோ ஒரு டெனிஷ்காரர் பாவித்துவிட்டுக் கொடுத்தவை. பழசில் வளர்ந்த நாங்கள் இன்றைக்குப் பழசு என்றால் வெட்கப்படுகிறோம். அதை ஒரு நாள் தனியாக எழுதுகிறேன். இன்றைக்கு நான் கேட்பது வேறு: ஒரு பொருள் ஏன் அப்படி நடக்கிறது என்று ஒருதரம்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல யார் இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது?

மருமகனும் சும்மா இருக்கவில்லை. நான் போய்ச் சேர முதலே விற்றவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டான். "நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்" என்று நல்ல சுத்தமான டெனிஷில் எழுதியிருந்தான். ஆதாரமாகக் கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு படங்கள்.

முதலில் அந்த ஆதாரத்தையே எடுத்துக்கொள்வோம். தொலைபேசிக் கமரா ஒரு நல்ல சாட்சி இல்லை. நீங்கள் படம் எடுக்கும்போது எது வெள்ளை என்று அது தானே ஊகித்து, அதற்கு ஏற்றபடி எல்லா நிறத்தையும் தள்ளிவைக்கும். பக்கத்தில் சிவப்புத் துவாய் ஒன்றைத் தொங்கவிட்டு எடுத்துப் பாருங்கள், அதே விளக்கு வேறு நிறத்தில் வரும். இரண்டு விளக்கை இரண்டு தனிப் படமாக எடுத்தால் இரண்டு வேறு பொய்தான் கிடைக்கும். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும், வெள்ளைச் சமநிலையை ஓட்டோவிலிருந்து மாற்றி ஒரே எண்ணில் பூட்டிவைத்து எடுக்க வேண்டும்.

தொட்டிக்கு மேலே வைத்துப் பார்ப்பதும் பிழை. மரக்கட்டை போட்ட தொட்டியில் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி மாறும், அது நீலத்தை உறிஞ்சிவிடும். சுவர் நிறம், கல் நிறம், பாசி எல்லாம் சேர்ந்து கண்ணைக் குழப்பும். விளக்கைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். கீழே இரண்டு வெள்ளைத் தாள். ஒரே உயரம். அறை இருட்டாக இருக்க வேண்டும். டென்மார்க்கில் மார்கழியில் பின்னேரம் 4 மணிக்கே இருட்டிவிடுகிறதே என்று எல்லோரும் அழுகிறோம். இந்த ஒரு வேலைக்கு அது வசதி. அரை மணித்தியாலம் எரியவிட்டு, சூடேறிய பிறகு பாருங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். தாளில் பார்த்தபோது யாரும் சொல்லாத ஒன்று தெரிந்தது. ரோஸ் விளக்கு ரோஸாக மட்டும் இல்லை, மங்கலாகவும் இருந்தது. நாலு நீதிபதிகளில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. நிறம் கண்ணைப் பிடித்துக்கொண்டால் வெளிச்சத்தின் அளவைக் கண் விட்டுவிடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எல்.ஈ.டி. எப்படி நிறம் தருகிறது என்று தெரியாமல் காரணம் தேட முடியாது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வெள்ளை வெளிச்சம் தரும் சில்லு என்று ஒன்று கிடையாது. வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பது நீலச் சில்லு, ஏறக்குறைய 450 நனோமீற்றர் அலைநீளம். அதற்கு மேல் மஞ்சளாக ஒளிரும் பொஸ்பர் என்ற பொடி பூசியிருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து எங்கள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நல்ல பிரகாசமான நீலச் சில்லை 1993இல் ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா செய்து காட்டும்வரைக்கும் இந்த வித்தை செய்ய வழியே இருக்கவில்லை. நீல எல்.ஈ.டி.க்காக அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. செடி வளர்க்கும் மீன்தொட்டி விளக்குகளில் இந்த வெள்ளைகளோடு சிவப்பும் தனி நீலமும் இடைக்கிடை கலந்து வைப்பார்கள்.

ஆகவே நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே ஒரு தடயம். விளக்கு நீலமாகப் போனால் பொஸ்பர் பொடி சூட்டில் பலவீனப்பட்டிருக்கலாம், நீலம் மறைப்பில்லாமல் வெளியே வருகிறது. மஞ்சளாகப் போனால் மேலே உள்ள சிலிக்கனோ பிளாஸ்டிக் மூடியோ பழுத்திருக்கலாம், அது நீலத்தைத் தின்கிறது. ஒரு நிறம் அடியோடு இல்லாமல் போனால் அந்த நிறத்துச் சங்கிலி அறுந்திருக்கிறது. பழைய கிறிஸ்மஸ் மரத்து விளக்கு மாதிரி இவை தொடராக இணைக்கப்பட்டவை, ஒன்று செத்தால் அந்த வரிசை முழுக்க இருட்டு.

எங்களுடையது இந்த மூன்றும் இல்லை. ரோஸ், அதோடு மங்கல். வெள்ளையும் நீலமும் குறைந்து சிவப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கிறது. அது ஏன்?

நான் ஒரு சொல்லும் சொல்லாமல் மருமகனிடம் இரண்டு அடாப்டரையும் மாற்றிக் கொழுவச் சொன்னேன். மாற்றினான். ரோஸ் நிறம் மற்ற விளக்குக்குப் போய்விட்டது.

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "மாமா, லைட்டில பிழை இல்லையா?" இல்லையடா அப்பன். லைட் நல்ல லைட். சந்தேகம் எதில் இருக்கிறதோ அதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன நடக்கிறது என்று பார், பிறகு திருப்பி மாற்றியும் பார். என் வேலையில் வங்கிகளின் சேவர்களுக்கு நான் செய்வதும் இதுதான். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடவுளுக்கும் தெரியாது.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தோம். இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். அந்த அடாப்டரைத் தனியாக அளந்தால் 12.1 வோல்ட். அதில் எழுதியிருப்பதும் 12. "சரியாத்தானே இருக்கு" என்றான். விளக்கைக் கொழுவி எரியவிட்டு அளக்கச் சொன்னேன். 10.3. சுமை ஏறியதும் படுத்துவிட்டது. உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் சூட்டில் காய்ந்துபோனால் அடாப்டர்கள் இப்படி ஆகும். தொட்டி மூடிக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக ஈரத்திலும் சூட்டிலும் கிடந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளை, வேலை கொடுத்தால்தான் குணம் தெரியும்.

சரி, 1.7 வோல்ட் குறைந்ததற்கு நிறம் ஏன் மாற வேண்டும்? எல்லாமே ஒரே அளவில் மங்கினால் போதாதா? கணக்கைப் பாருங்கள். இந்த மாதிரி 12 வோல்ட் விளக்குகளில் மும்மூன்று எல்.ஈ.டி.களைத் தொடராக்கி, மிச்ச வோல்டை விழுங்க ஒரு தடையி வைத்திருப்பார்கள். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 3.1 வோல்ட் வேண்டும், மூன்றுக்கும் 9.3. தடையிக்கு மிஞ்சுவது 2.7 வோல்ட்தான். சிவப்புக்கு ஒவ்வொன்றும் 2 வோல்ட் போதும், மூன்றுக்கும் 6. அதன் தடையிக்கு இன்னொரு 6 வோல்ட் இருக்கிறது. ஓடுகிற மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது தடையியில் மிஞ்சியிருக்கும் இந்த வோல்ட்தான். இரண்டு பக்கமும் 1.7ஐக் கழியுங்கள். சிவப்பில் 6 இருந்தது 4.3 ஆகிறது, முக்கால் பங்குக்குக் கிட்ட. வெள்ளையில் 2.7 இருந்தது 1 ஆகிறது. உண்மையில் மின்னோட்டம் குறையும்போது எல்.ஈ.டி. கேட்கும் வோல்டும் கொஞ்சம் இறங்குவதால் வெள்ளை ஏறக்குறைய பாதியில் நிற்கும். வெள்ளையும் நீலமும் பாதி, சிவப்பு முக்கால். அதுதான் அந்தக் கலியாண மண்டப ரோஸ். சேமிப்பில் இருப்பவனுக்கு வருமானம் குறைந்தாலும் சமாளிப்பான், மாதக் கடைசிவரை எண்ணி எண்ணிச் செலவழிப்பவன் உடனே விழுந்துவிடுவான் என்பது மாதிரி.

துருப்பிடித்த இணைப்பு, மெல்லிய நீளமான வயர், இவையும் இதே வேலையைச் செய்யும். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உப்புப் பூத்த இணைப்பைத்தான். அப்பால் கட்டுப்படுத்துகிற விளக்காக இருந்தால் எல்லாவற்றுக்கும் முதலில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். பழைய சொந்தக்காரர் சிவப்பை 90க்கும் வெள்ளையை 40க்கும் வைத்துவிட்டு மறந்திருப்பார், அது விளக்கின் நினைவிலேயே கிடக்கும்.

புதிய அடாப்டருக்கு நாங்கள் கடைக்குப் போகவில்லை. எல்லாத் தமிழ் வீட்டிலும் ஒரு லாச்சி இருக்கும், உடைந்த ரிமோட், நோக்கியா சார்ஜர், எதற்கென்று தெரியாத வயர்கள். அக்கா வீட்டு லாச்சியில் பழைய ரௌட்டரின் அடாப்டர் கிடந்தது: 12 வோல்ட், 2 அம்பியர். விளக்கு 18 வாட், அதற்கு 1.5 அம்பியர் போதும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், அம்பியர் அதே அல்லது கூட. முனையில் கூட்டல் உள்ளேயா வெளியேயா என்ற படமும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அளப்பதெல்லாம் இந்தப் பக்கம், 12 வோல்ட் பக்கம். அடாப்டரை உடைத்துத் திறந்து 230 வோல்டில் கை வைக்காதீர்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

கொழுவினோம். ரோஸ் போய்விட்டது.

முழுக்க ஒன்றாகிவிட்டதா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். முன்விளக்கு இன்னும் ஒரு துளி மங்கல். மூடியில் வெள்ளைப் படிவு, சுண்ணாம்பு. விற்றவர் சீலாந்தில் இருக்கிறார், அங்கே குழாய்த் தண்ணீர் கடினம், கேத்தில் எல்லாம் வெள்ளை பூத்துப்போகும். ஹேர்ணிங் பக்கத்துத் தண்ணீர் மென்மையானது, அதனால் மருமகன் இதைக் கண்டதே இல்லை, பிளாஸ்டிக் தேய்ந்துவிட்டது என்று நினைத்தான். விளக்கைக் கழற்றி, சித்திரிக்கமிலம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, ஓர் இரவு காயவிட்டான். ஊறப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள், உள்ளே தண்ணீர் போகும்.

அதற்குப் பிறகும் உற்றுப் பார்த்தால் ஒன்று ஒரு மயிரிழை நீலம். அதற்கு மருந்து இல்லை, அது நோயும் இல்லை. பெட்டியில் 6,500 கெல்வின் என்று போட்டிருப்பதை ஒரே புள்ளி என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலையில் எல்.ஈ.டி.களை நிறம் பார்த்து அளந்து அளந்து வெவ்வேறு கூடைகளில் பிரிப்பார்கள். அமெரிக்கத் தரக்குறிப்பின்படி 6,500 என்ற கூடைக்குள் ஏறக்குறைய 6,000இலிருந்து 7,000 வரை எல்லாம் அடங்கும். ஆகவே பெட்டியோடு புதிதாக வாங்கினாலும் வெவ்வேறு வருடத்தில் செய்த இரண்டு விளக்கு அச்சொட்டாக ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 1,500 குரோனர் கொடுத்து இதே மயிரிழையை வாங்கியிருப்பாள் அக்கா.

பெட்டியில் இன்னொரு எண் இருக்கும், 50,000 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்றால் 17 வருடம், ஆகா என்று தோன்றும். பெரும்பாலும் அந்த எண்ணின் பொருள், வெளிச்சம் 70 வீதத்துக்கு இறங்க எடுக்கும் காலம். நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் விளக்கில் முதலில் தளர்ந்தது எல்.ஈ.டி.யே இல்லை, அடாப்டர். அந்த அடாப்டரின் ஆயுள் பெட்டியில் எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் அதிர்ஷ்டம், இந்த விளக்கில் அடாப்டர் தனியாக வெளியே இருந்தது. பல விளக்குகளில் அதை உள்ளே வைத்து, பசை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் போகாமல் இருக்க என்பார்கள். ஓரளவுக்கு அது நியாயம்தான், ஈரத்துக்கு நடுவில் எரிகிற சாமான். ஆனால் தண்ணீர் புகாத, திருகாணி போட்ட மூடி செய்வது ஒன்றும் நிலவுக்குப் போகிற வேலை இல்லை, டோர்ச் லைட்டிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேற்றியது, 2026 ஆடி 31இலிருந்து அது நடைமுறைக்கு வர வேண்டும். சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி, தூசி உறிஞ்சி எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. விளக்கு இல்லை. அதே ஒன்றியம், பாதரசம் இருக்கிறது என்று சொல்லி 2023 ஆவணியோடு டி5, டி8 குழல் விளக்குகளைச் சந்தையிலிருந்து விலக்கியது. மீன்தொட்டிக்காரர்கள் எத்தனையோ வருடமாகப் பாவித்தவை அவைதான். பாதரசம் போனதில் எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தக் குழல் நிறம் மங்கினால் கையால் திருப்பிக் கழற்றி வேறொன்றைப் போடலாம், சாதாரணக் குழலென்றால் நூறு குரோனரோடு வேலை முடியும். அதற்குப் பதிலாக வந்ததில் நிறம் மங்கினால் முழு விளக்கையும் எறி என்கிறார்கள். நஞ்சை எடுத்தவர்கள் அந்த வசதியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

புதியது மின்சாரம் குறைவாகக் குடிக்குமே என்று ஒரு சித்தப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், கணக்குப் பார்ப்போம். இரண்டு விளக்கும் சேர்ந்து 36 வாட், நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு ஏறக்குறைய 105 யூனிட். புதியது ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம், 21 யூனிட். யூனிட் 2 குரோனர் என்றால் வருடத்துக்கு 42 குரோனர். போட்ட 1,500 திரும்ப வர 35 வருடம் செல்லும். அதற்குள் அந்த விளக்கு இருக்குமா, சித்தப்பாதான் இருப்பாரா?

செடி செத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். மருமகன் வைத்திருப்பது ஜாவா பன்னம், அதிலும் நுனி பிரிந்து கிடக்கும் விண்டெலோவ் வகை. ஓகூஸ் பக்கத்தில் ஈகோவில் உள்ள திரொப்பிக்கா என்ற நீர்த்தாவரப் பண்ணையைத் தொடங்கிய ஹொல்கர் விண்டெலோவின் பெயர்தான் அது. குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கிற செடி. அதற்கு வேண்டியது போதுமான வெளிச்சம். மயிரிழை நீலத்தை அது கண்டுகொள்ளாது, கண்டுகொள்வது நாங்கள்தான்.

எல்லாப் பழைய விளக்கும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே தண்ணீர் போய்ப் பச்சை பூத்திருந்தால், மூடி வெடித்திருந்தால், அடாப்டரோ விளக்கோ தொட முடியாத சூடு என்றால், மீள்சுழற்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள், விவாதம் வேண்டாம். வேண்டுமென்றே மறைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் புதிதாக வாங்கி இரண்டு வருடத்துக்குள் கோளாறு வந்தால் டென்மார்க் சட்டப்படி முறையிட உங்களுக்கு உரிமை இருக்கிறது, வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். ஆனால் எதையும் சொல்ல முதல் மேசையில் இரண்டு வெள்ளைத் தாளை வையுங்கள். அடாப்டரை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

விற்றவருக்கு எழுதிய செய்தி அப்படியே கிடந்தது. "இன்னும் அழிக்கலாம், அவர் வாசிக்கேல்லை" என்றான் மருமகன். அழிக்க வேண்டாம் என்றேன். கீழே இன்னொன்று எழுது, என்ன கண்டுபிடித்தாய் என்றும் எழுது. மூன்று வரி எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தான். ஏமாற்றுக்காரன் என்று எழுதியபோது இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த நாள் பதில் வந்தது. அந்த மனிதருக்கு எழுபது தாண்டிவிட்டதாம். நாலு வருடமாக அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் காலைக் கோப்பி குடித்தாராம், கொஞ்சம் கொஞ்சமாக மாறியது கண்ணுக்குத் தெரியவே இல்லை. வலது கண்ணில் புரை, தை மாதம் சத்திரசிகிச்சை. புரை விழுந்த கண்ணுக்கு உலகமே மஞ்சள் கலந்துதான் தெரியும், அவருக்கு அந்த ரோஸ் எப்படித் தெரிந்ததோ. அடாப்டருக்கு 50 குரோனர் திருப்பித் தரட்டுமா என்று கேட்டிருந்தார். கடைசி வரியில், 10.3 என்று எப்படி அளந்தாய், எனக்கும் சொல்லித் தருவாயா, தன்னிடம் அதே மாதிரி இன்னொரு விளக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

50 குரோனரை வேண்டாம் என்றுவிட்டான். மல்டிமீட்டரைக் கொழுவி எடுத்த படத்தை அனுப்பினான். இந்த முறை வெள்ளைச் சமநிலையைப் பூட்டி எடுத்தான்.